தோட்டாவும் தோட்டமும்: மருந்துத் தெரிவின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

துப்பாக்கித் தோட்டாவில் எந்த மருந்தை அடைப்பது என்னும் வினா படைக்கலத் தொழில்நுட்பவியலாருக்கும் வேட்டைக்காரருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. சுடப்பட்டு வெறுமையான கோதுகளைச் சேர்த்துவைத்து, புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்துவோருக்கென மேனாடுகளில் எழுதப்பட்டுள்ள கைந்நூல்கள் இவ்வெண்ணத்தை உறுதிப்படுத்துகின்றன. அவற்றில் மருந்தின் பெயர், சன்னத்தின் நிறை, வேகம், அமுக்கம் என்பன அட்டவணைகளாக நிரல்படுத்தப்பட்டிருக்கும். மனிதர் எவரும் அவற்றில் இடம்பெறுவதில்லை.

ஆயின் அவ்வட்டவணையிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கோதின் நீளத்துக்கும் பின்னால் உற்பத்தி வரலாறு ஒன்று உறைந்துகிடக்கின்றது. மருந்தைத் தெரிவுசெய்யும் உரிமை எக்காலத்தில் எவர் கையில் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது, தெரிவுசெய்யும் உரிமையே இல்லாதோர் அம்மருந்தோடு எத்தகைய உறவு கொண்டிருந்தனர் ஆகிய வினாக்களை எழுப்பும்போது, தொழில்நுட்பம் போலத் தோன்றும் செய்தி சமூக வரலாறாக வடிவெடுக்கின்றது. கொட்டகலையையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டப் பிரதேசத்தையும் களமாகக் கொண்டு அவ்வரலாற்றின் சில கட்டங்களை இனங்காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியிலிருந்தே தொடங்கலாம். தமிழில் நோய் தீர்ப்பதும் மருந்து, துவக்கில் இடுவதும் மருந்து. குழலின் வாய்வழியாக மருந்தை இட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடும் பழைய துவக்கை ஈழத்துத் தமிழர் 'இடியன்' என வழங்கினர். கருவியின் பெயர் அதனைப் பயன்படுத்துவோனின் உழைப்பிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இடியனுக்கு மருந்தை அளப்பவனும் இடிப்பவனும் சுடுபவனும் ஒருவனே. தோட்டாவோ தொழிற்சாலையிலிருந்து அடைத்து மூடப்பட்டு வருவது. அதில் பயன்படுத்துவோனின் உழைப்பின் சுவடு எதுவும் இல்லை. மலையகத் தோட்டங்களில் இன்று 'மருந்தடித்தல்' என்றால் பூச்சிநாசினி தெளித்தல் என்றே பொருள்படும். ஒரே சொல் இடத்துக்கும் வர்க்கத்துக்கும் ஏற்பப் பொருள் வேறுபட்டு வழங்குவதை இதிற் காணலாம்.

2

மருந்துத் தெரிவின் அடிப்படை விதிகளைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளாமல் அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. துப்பாக்கி மருந்து வெடிப்பதில்லை. மிக விரைவாக எரிகின்றது. எரிதல் ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலிருந்தும் உள்நோக்கிப் படலம் படலமாக நிகழ்கின்றது என்பதைப் பிரெஞ்சுப் படைப்பொறியியலாளர் பியோபேர் 1839 இல் எடுத்துரைத்தார். ஆகவே ஒரே நிறையுள்ள மருந்தை நுண்ணிய மணிகளாக்கினால் மேற்பரப்பு மிகும்; வாயு விரைவில் தோன்றும். பருமணிகளாக்கினால் எரிதல் தாமதிக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரே கொழுந்திலிருந்து பெறப்பட்ட தேயிலை சல்லடைகளிற் சலிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. தூள் விரைவில் சாயம் இறக்கும். பெரிய இலை மெல்ல இறக்கும். கருமருந்தும் இவ்வாறே சல்லடையால் தரம் பிரிக்கப்பட்டது. பீரங்கிக்குப் பருமணி, நீள்துப்பாக்கிக்கு நடுத்தர மணி, கைத்துப்பாக்கிக்கு நுண்மணி என்பது பொது வழக்காயிற்று.

கைத்துப்பாக்கிக்கு நுண்மணி ஏன் வேண்டப்பட்டது? அதன் குழல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு அங்குல நீளமே உடையது. சன்னம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் அதனைக் கடந்துவிடுகின்றது. அதற்குள் எரிந்து முடியாத மருந்து குழல்வாயில் ஒளியும் ஓசையுமாக வீணாகின்றது. எனவே விரைந்தெரியும் மருந்தே குறுங்குழலுக்கு ஏற்றது. ஆயின் சன்னம் கனமாயின், அது நகரத் தாமதிக்கும் கணத்தில் அமுக்கம் அளவுமீறி உயர்ந்து கருவியையே பிளந்துவிடவும் கூடும். விரைவுக்கும் அமுக்கத்துக்கும் இடையேயான இம்முரணைச் சமன்செய்வதே மருந்துத் தெரிவின் சாரம் எனலாம்.

பல விட்டங்களையுடைய கைத்துப்பாக்கிகளுக்கு ஒருவரே மருந்தடைக்க முற்படும்போது சிக்கல் மேலும் கூடுகின்றது. 9 மில்லிமீற்றர் பரபெல்லம் தோட்டாவையும் 0.38 ஸ்பெஷல் தோட்டாவையும் ஒப்புநோக்குவோம். இரண்டின் சன்னங்களும் விட்டத்தில் ஏறத்தாழச் சமமானவை. ஆனால் 0.38 இன் கோது ஏறத்தாழ 29 மில்லிமீற்றர் நீளமுடையது. 9 மில்லிமீற்றர் தோட்டாவின் கோதோ 19 மில்லிமீற்றரளவே. இட வசதி மிகுந்த 0.38 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் நியமம் அனுமதிக்கும் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். அதனினும் சிறிய 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு 35,000 இறாத்தல். 0.45 தானியங்கித் தோட்டாவுக்கு 21,000 இறாத்தல். பெரியது வலியது என்ற பொதுப்புத்தி இங்குப் பொய்த்துப்போகின்றது.

இம்முரணுக்கு விடை இயற்பியலில் மட்டும் இல்லை, வரலாற்றிலும் உண்டு. 0.38 ஸ்பெஷல் 1898 இல் தோன்றியது. அக்கோதின் நீளம் கருமருந்தின் பருமனுக்கென அமைந்தது. கருமருந்து வழக்கொழிந்தது, அதற்கென அமைந்த நீண்ட கோது எஞ்சியது. அதனுள் இன்று இடப்படும் புகையற்ற மருந்து கோதின் சிறுபகுதியையே நிரப்புகின்றது. தவறுதலாக இருமுறை மருந்து இட்டாலும் வெளியே தெரியாமற் போகும் ஆபத்து இதனாலேயே ஏற்படுகின்றது. கோதிற் கணிசமான இடத்தை நிரப்பித் தன் அளவைத் தானே காட்டிக்கொடுக்கும் பருத்த மருந்தை அனுபவமுள்ளோர் விரும்புவதற்கும், அச்சிட்ட அட்டவணையை மீறலாகாதெனக் கைந்நூல்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே. முந்திய உற்பத்தி முறையின் எச்சம் பிந்திய முறையினுள் தங்கிநின்று அதன் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் என்ற உண்மைக்கு இச்சிறு பித்தளைக் கோதே சான்றாக நிற்கின்றது.

3

இனி மலைநாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் வருமுன் கண்டி இராச்சியம் தன் மருந்தைத் தானே உற்பத்தி செய்தது. கண்டிப் பிரதேசத்தில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிய ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் வெடியுப்புக் குகைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். வௌவாலின் எச்சம் படிந்த குகை மண்ணிலிருந்து வெடியுப்பு பிரித்தெடுக்கப்பட்டது. அது அரசனின் களஞ்சியத்துக்குச் செலுத்தவேண்டிய இராசகாரியக் கடமையாக இருந்தது. சிங்களக் கம்மியர் வடித்த துவக்குகளின் நுட்பத்தைப் போர்த்துக்கேய எழுத்தாளரும் வியந்துள்ளனர்.

டேவி தரும் செய்திகளுள் ஒன்று நமது பொருளுக்கு மிக முக்கியமானது. கண்டி மருந்து மணியாக்கப்படவில்லை. இடித்து உலர்த்திய தூளாகவே பயன்படுத்தப்பட்டது. ஐரோப்பாவிலோ பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே மருந்தை ஈரமாக்கி மணிகளாக உருட்டும் முறை பரவியிருந்தது. தூளின் எரிதல் இடிப்பவனின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது; ஒவ்வொரு முறையும் வேறுபடுவது. மணியின் எரிதல் சல்லடைக்குக் கட்டுப்பட்டது, அளவிடத்தக்கது. மருந்தைத் தரம்பிரித்துத் தெரிவுசெய்தல் என்பதே மணியாக்கத்துக்குப் பின்னர்தான் முழுமையாகச் சாத்தியமாயிற்று.

இதனைக் கொண்டு கண்டியரின் 'பின்தங்கிய' அறிவைப் பற்றிப் பேசுவது காலனித்துவ வரலாற்றாசிரியரின் வழக்கம். அது பொருந்தாது. இராசகாரிய உற்பத்தி பண்ட உற்பத்தியன்று. சந்தை இல்லாத இடத்தில் தரப்படுத்தலுக்கான உந்துதலும் இல்லை. அத்தூளைக் கொண்டே கண்டியர் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளை நீண்டகாலம் எதிர்த்துநின்றனர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817–18 கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்ட பின்னர் மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. கோல்புறூக் – கமறன் ஆணைக்குழுவைத் தொடர்ந்து இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது குகைகளின் வெடியுப்புக் கடமையும் அடிப்படையிழந்தது. மலைநாட்டில் மருந்தை ஆக்கும் அறிவு அறியாமையால் அழியவில்லை. அதனைத் தாங்கிநின்ற உற்பத்தி உறவு தகர்க்கப்பட்டமையாலேயே அழிந்தது. மருந்து கப்பலில் வந்திறங்கும் பண்டமாயிற்று.

4

கப்பலில் வந்த மருந்தைத் தெரிவுசெய்யும் உரிமை யாருக்குக் கிடைத்தது? இதற்கு 1848ஆம் ஆண்டு தெளிவான விடையளிக்கின்றது. அவ்வாண்டு தேசாதிபதி ரொறிங்ரன் விதித்த புதிய வரிகளுள் துவக்கு வரியும் ஒன்று. ஒரு துவக்குக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் செலுத்தவேண்டியிருந்தது. பயிரைக் காட்டுவிலங்கிலிருந்து காக்க ஓர் இடியனை வைத்திருந்த கிராமத்து விவசாயிக்கு இது தாங்கொணாச் சுமை. நாய் வரியும் வீதி வேலைக் கட்டாயமும் இதனோடு சேர, மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. அதன் தலைவருள் ஒருவரான புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8 ஆம் திகதி துப்பாக்கிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1848 இல் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவியவர் சாமுவேல் பேக்கர். இலங்கை வேட்டை பற்றி 1850களில் அவர் வெளியிட்ட நூல்கள் மருந்துத் தெரிவு பற்றிய அக்கால விவாதத்தின் ஆவணங்களாகவும் அமைகின்றன. பிறிஸ்ரல் நகரின் கிப்ஸ் என்ற துப்பாக்கிக் கம்மியரிடம் 1840 இல் அவர் செய்வித்த நீள்துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. அதற்கு அவர் இட்ட மருந்து 16 திராம். அதாவது முழுமையாக ஓர் அவுன்ஸ். 1873 இல் வெளிவந்த 0.45 கோல்ட் சுழல்துப்பாக்கித் தோட்டா 40 கிறெயின் கருமருந்து கொண்டது. பேக்கரின் ஒரு சூட்டு மருந்து அத்தகைய பதினொரு தோட்டாக்களுக்கு ஏறத்தாழப் போதுமானது. இலேசான மருந்தே போதும் என்று பலர் கருதிய காலத்தில், கனத்த துப்பாக்கிக்குக் கனத்த மருந்தே வேண்டும் என அவர் வாதிட்டார். விலங்கியல் நோக்கிலும் படைக்கல நோக்கிலும் அவ்வாதம் ஆராயத்தக்கதே. ஆயின் ஓர் அவுன்ஸ் மருந்தை ஒரு யானைமீது செலவிடும் ஆற்றல் யாருக்கு இருந்தது என்பது அதனினும் முக்கியமான வினா. 1845 இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜேர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட அதே ஆண்டுகள் இவை. ஒருவனுக்குப் பயிரைக் காக்கும் துவக்கு வரிக்குரியதாகியது. மற்றவனுக்கு வேட்டை விளையாட்டாகியது. தெரிவு என்னும் சொல்லின் வர்க்க உள்ளடக்கத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது கடினம்.

5

தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் வெடிபொருளோடு கொண்ட உறவு முற்றிலும் வேறானது. மலைநாட்டின் வீதிகளும் இருப்புப்பாதையும் பாறையைப் பிளக்காமல் அமைந்திருக்க முடியாது. கொழும்பு – கண்டிப் புகையிரதப் பாதை 1867 இல் நிறைவெய்தியது. கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த வேளையில் அது மேலும் நீண்டு, 1884 இல் அற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே மலையைக் குடைந்து செல்லும் சிங்கமலைச் சுரங்கப்பாதை இதன் பகுதியாகும். அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய அது 2019 வரை இலங்கைப் புகையிரதச் சுரங்கங்களுள் மிக நீண்டதாக விளங்கியது. அற்றன் பக்கமிருந்து கொட்டகலைக்குப் புகையிரதத்தில் வரும் எவரும் அந்த இருளைக் கடந்தே வரவேண்டும்.

பாறைக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய மருந்துகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வேறு வேறான பயன்பாட்டுக்குரியவை. பாறையைப் பிளக்கும் கருமருந்து பருமணியானது. மெல்ல எரிந்து கல்லைத் தள்ளிப் பிளப்பது. கைத்துப்பாக்கியின் மருந்து நுண்மணியானது, கணத்தில் எரிவது. மலைநாட்டில் இத்தொழில்நுட்பப் பிரிவு சமூகப் பிரிவோடு ஒன்றிப்போயிற்று. பருமணி கூலித் தொழிலாளியின் உழைப்போடும், நுண்மணி பங்களாவின் இழுப்பறையோடும் இணைந்தன. கல்லுக்கு வெடிவைத்தவனின் பெயரைச் சுரங்கப்பாதையின் எந்தக் கல்லிலும் காணமுடியாது.

சி.வி. வேலுப்பிள்ளை முதலானோர் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை நாட்டார் இலக்கியமாக மட்டும் நோக்காது, உழைப்பு அனுபவத்தின் ஆவணங்களாகவும் வாசிக்கும் முறை வலுப்பெற வேண்டும். பாறை வெட்டு, பாதை வெட்டு ஆகிய தொழில்கள் பற்றிய வாய்மொழிச் சான்றுகள் கொழுந்தெடுத்தல் பற்றியவற்றைப் போலத் தனித்து ஆராயப்பட வேண்டியவை.

6

1884 இல் பிரான்சில் வியேய் என்பவர் புகையற்ற மருந்தை ஆக்கினார். 1887 இல் நோபெல் தமது பலிஸ்ரைற் மருந்துக்கு உரிமம் பெற்றார். 1889 இல் ஆபெல், டிவார் ஆகியோர் பிரித்தானிய அரசுக்காகக் கோடைற் மருந்தை உருவாக்கினர். கயிறு போன்ற இழைகளாக வார்க்கப்பட்டமையால் அது அப்பெயர் பெற்றது. இங்கு எரியும் வேகத்தைச் சல்லடை தீர்மானிக்கவில்லை. இழையின் தடிப்பு தீர்மானித்தது. நீள்துப்பாக்கிக்குத் தடித்த இழையும், கைத்துப்பாக்கிக்கு நறுக்கிய மெல்லிழையும் பயன்படுத்தப்பட்டன.

1887 இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்ட வெப்ளி சுழல்துப்பாக்கியின் 0.455 தோட்டா இம்மாற்றத்தின் நேரடிச் சான்றாகும். முதலில் அதன் கோது கருமருந்துக்கென ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் நீளமாக அமைந்திருந்தது. கோடைற் அதே வேலையை மிகச் சிறிய அளவில் செய்தமையால், பெரிய கோதினுள் அது சீராக எரியவில்லை. 1897 இல் கோது ஏறத்தாழ 19 மில்லிமீற்றராகக் குறுக்கப்பட்டது. முன்னர்க் கூறிய 0.38 இல் பழைய கோது புதிய மருந்தைக் கட்டுப்படுத்தியது. இங்கோ புதிய மருந்து பழைய கோதையே மாற்றியமைத்தது. படை அரசின் கட்டளைக்கு உட்பட்டது. ஆகவே அதன் தோட்டா மாறியது. 0.38 வணிகச் சந்தைக்கு உரியது. விற்பனையான துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொருந்தவேண்டியிருந்தமையால் அதன் கோது மாறவில்லை.

புகையற்ற மருந்தை ஆக்குவதற்குப் பெரும் மூலதனமும் வேதியியல் ஆலைகளும் தேவைப்பட்டன. சிறு மருந்தாலைகள் இதில் நின்றுபிடிக்க முடியவில்லை. 1886 இல் நோபெல் டைனமைற் கூட்டிணைவு இலண்டனில் அமைந்தது. 1898 இல் கேர்ட்டிஸ் – ஹாவி நிறுவனம் பல கருமருந்து ஆலைகளைத் தன்னுள் அடக்கியது. முதலாம் உலகப் போரின் முடிவில் இவையனைத்தும் ஒரே குடையின்கீழ் வந்தன. 1920 இல் நோபெல் இண்டஸ்றீஸ் எனப் பெயர்பெற்ற அக்குடை 1926 இல் வேறு மூன்று வேதியியற் பெருநிறுவனங்களோடு இணைந்து ஐ.சி.ஐ. ஆயிற்று. ஏகாதிபத்தியம் பற்றி லெனின் 1916 இல் எழுதிய நூலில் விளக்கிய உற்பத்திச் செறிவு இத்துறையில் எழுத்துக்கு எழுத்து நிகழ்ந்தது.

அமெரிக்காவில் போக்குச் சற்று வேறானது. அங்கு 1898 இல் லாஃப்லின் அன்ட் றான்ட் நிறுவனம் வெளியிட்ட 'புல்ஸ்ஐ', 1900 இல் வந்த 'யுனிக்' ஆகியவை இன்றும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மீண்டும் அடைப்போரால் விரும்பப்படுகின்றன. முன்னது விரைந்தெரிவது, 0.38 ஸ்பெஷல், 0.45 போன்ற தாழமுக்கத் தோட்டாக்களுக்கு நீண்டகாலமாக வழங்கிவருவது. பின்னது நடுத்தரமானது, பல விட்டங்களுக்கு ஒரே மருந்து போதும் என விரும்புவோருக்கு ஏற்றது. 1930களில் வந்த '2400' மெல்ல எரிவது. 1935 இல் தோன்றிய 0.357 மக்னம் போன்ற உயரமுக்கத் தோட்டாக்களுக்கு உரியது. ஒவ்வொரு விட்டத்துக்கும் சிறந்ததையே நாடினால் மூன்று புட்டிகள் வேண்டும். ஒன்றே போதுமென்றால் எதிலும் முழுநிறைவு கிட்டாது. கைந்நூல்கள் இதனை நுகர்வோனின் சுதந்திரமான தெரிவாகச் சித்திரிக்கின்றன. ஆயின் லாஃப்லின் அன்ட் றான்ட் டியூப்பொன்ற் நிறுவனத்தால் விழுங்கப்பட்டது. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பினால் 1912 இல் டியூப்பொன்ற் பிரிக்கப்பட்டபோது இம்மருந்துகள் ஹேர்க்கியூலிஸ் நிறுவனத்துக்குச் சென்றன. 1995 இல் அலையன்ற் நிறுவனத்தை அடைந்தன. உடைமையாளர் மாறினர், புட்டியின் பெயர் மாறவில்லை. கடையில் நிற்பவனுக்குப் பலவகைத் தெரிவு இருப்பதுபோலத் தோன்றும். அத்தெரிவுகளின் எல்லை அவன் அறியாத இயக்குநர் சபையில் வகுக்கப்பட்டிருக்கும்.

பிரித்தானியப் பேரரசின் தேவைக்காகக் கோடைற் தமிழ்நிலத்துக்கும் வந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அண்மையிலுள்ள அரவங்காட்டில் 1904 இல் கோடைற் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீர்மின்சாரம் அதற்கு வலுவூட்டியது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, தமிழ்த் தொழிலாளரின் கைகளால் பேரரசின் தோட்டாக்களுக்கான மருந்து ஆக்கப்பட்டது. அத்தொழிற்சாலை 2021 முதல் இந்திய அரசின் மியூனிசன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்கிவருகின்றது.

7

தோட்டம் என்பது பொருளாதார அலகு மட்டுமன்று. அது ஆயுதம் தாங்கிய அதிகார அலகாகவும் இருந்தது. 1900 இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. அதன் அணிகள் போவர் யுத்தத்துக்கும், 1914 இல் எகிப்துக்கும் அனுப்பப்பட்டன. 1949 இல் அது கலைக்கப்பட்டது. தொழிலாளி ஒருவன் அப்படையில் உறுப்பினனாக முடியாது என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை. 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. துவக்கு வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1848 இன் துவக்கு வரியினது வரலாற்றுத் தொடர்ச்சியே. சுதந்திரத்தின் பின் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் மருந்தின் உற்பத்தியையும் உடைமையையும் உரிமத்துக்கு உட்படுத்தியது.

இச்சட்டங்கள் அனைத்தும் தீயவை என்பது நமது வாதமன்று. மருந்தும் துவக்கும் கட்டுப்பாடின்றிப் பரவும் சமூகத்தில் முதலில் உயிரிழப்போர் ஏழைகளே. காட்டோரங்களிற் கட்டப்படும் கட்டுத்துவக்குக்கு இரையாவோரும் அவர்களே. ஆயின் பொதுநலனின் பெயரால் எழும் கட்டுப்பாடு எவ்வர்க்கத்தின் கையில் மருந்தை விட்டுவைக்கின்றது என்ற வினா எஞ்சிநிற்கின்றது.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். விசாரணை ஆணைக்குழு முன் அவரது விதவைக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே மாதம் 11 ஆம் திகதி சிவனு லட்சுமணன் என்ற இளந்தொழிலாளி டெவன் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி பகிர்ந்தளிக்கப்படுவதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது இது நிகழ்ந்தது. டெவன், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்தது. தாம் பண்படுத்திய மண்ணிலிருந்து பெயர்க்கப்படலாகாது என்பதே அங்கு எழுந்த கோரிக்கை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்றது. மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்கீழ் அரசுடைமையாயின. ஆட்சியாளர் மாறினர், உடைமையாளரும் மாறினர். துப்பாக்கியின் எப்பக்கத்தில் தொழிலாளி நிற்கின்றான் என்பது மட்டும் மாறவில்லை. புட்டியின் பெயர் மாறாது முதலாளி மாறிய மருந்தைப் போன்றதே இதுவும்.

8

1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதற்கு வழிவகுத்தது. மலையகத்திலிருந்து சென்றோருட் கணிசமானோர் நீலகிரியிற் குடியேறினர். அவர்களது மறுவாழ்வுக்கென 1968 இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே 1976 இல் ரான்ரீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து புகையிரதமேறிச் சென்ற மக்களின் ஒரு பகுதியினர், அரவங்காட்டுக் கோடைற் தொழிற்சாலை அமைந்த அதே மலைத்தொடரில் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். தேயிலையும் மருந்தும் அயலிலிருப்பது தற்செயல் அன்று. குளிர்ந்த மலை, ஓடும் நீர், மலிந்த உழைப்பு ஆகியவற்றைப் பேரரசு எங்கெங்குக் கண்டதோ அங்கெல்லாம் தன் தேவைக்குரியவற்றை நாட்டியது.

மருந்துத் தெரிவைப் பற்றிய கைந்நூல்களைத் தொழில்நுட்ப நூல்களாகவே வாசித்துவிட்டு விடுவது ஆய்வாளருக்குப் போதாது. கோதின் நீளம், இழையின் தடிப்பு, அமுக்கத்தின் எல்லை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சமூக உறவின் பதிவாகும். அவற்றோடு தோட்ட நிர்வாகப் பதிவேடுகளையும், ஆணைக்குழு அறிக்கைகளையும், பாறை வெட்டிய குடும்பங்களின் வழிவந்த முதியோர் நினைவுகளையும் இணைத்து நோக்கவேண்டும். கடைசிச் சான்றுவகை ஆண்டுதோறும் குறைந்துவருவதால் அதனைத் திரட்டும் பணியே முதலில் மேற்கொள்ளப்படவேண்டும். கொட்டகலையின் கலாசாலை மாணவர்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் தத்தம் லயன்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம். பேக்கர் ஒரு யானைக்கு எத்தனை திராம் இட்டார் என்பது அச்சேறி நூற்றெழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சிங்கமலைப் பாறையில் வெடிவைத்தவர்களின் வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும்.